ஒரே சனலில் பல பேர்: மலைநாட்டில் வோக்கி டோக்கி பாவிக்கத் தொடங்குபவர்களுக்கு

மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் எங்கள் பக்கத்தில் முதலில் போவது கரண்ட், அடுத்தது போன் சிக்னல். கோபுரத்தில் இருக்கும் பெட்டரி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அது தீர்ந்துவிட்டால் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் இருப்பவருக்குக் கீழ்க்கணக்கில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியதைப் பார்த்த பிறகு, ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குச் செய்தி போக எவ்வளவு நேரமாகும் என்ற கேள்வி என்னை விடவே இல்லை. எங்கள் அனர்த்தக் குழுவுக்கு எட்டு வோக்கி டோக்கி கிடைத்தபோது அதனால்தான் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். முதல் கிழமையே பிரச்சினை வந்தது. "யாரோ நம்ம சனல்ல புகுந்து பேசுறாங்க" என்று பிள்ளைகள் கோபப்பட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொழுந்து லொறி ஓட்டுபவர்கள் நமக்கு முன்னாலேயே அதே அலைவரிசையை அனுமதியோடு பாவித்து வந்திருக்கிறார்கள்.

சனல் என்பது லயத்துப் பீலி மாதிரி. ஒரே பீலி, பல வீடு. யார் குடத்தை எப்போது வைப்பது என்று பேசிக்கொண்டால் எல்லாருக்கும் தண்ணீர் உண்டு. அந்த முறையையும், சத்தம் புகுந்தால் எங்கே தேடுவது என்பதையும் நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

அனுமதி

ரேடியோ வாங்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அலைவரிசை பாவிப்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். குவைத்திலிருந்து வரும் அண்ணன் ஒரு சோடி கொண்டுவந்து கொடுத்தார் என்பதற்காகவோ, வேறொரு நாட்டில் அனுமதி இல்லாமல் பாவிக்க விடுகிறார்கள் என்பதற்காகவோ இங்கே அப்படியே பேச முடியாது. 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பரீட்சை எழுதி அனுமதி பெற்றவர்கள், அவர்களுடைய அலைவரிசைகளில் தோட்ட வேலையோ வியாபாரமோ பேசக் கூடாது. தனி ஆளாக அலைவதைவிடத் தோட்ட நிர்வாகம், பிரதேச செயலகம், பதிவு செய்த சங்கம் என்று ஏதாவதொன்றின் பெயரில் விண்ணப்பிப்பது லேசு.

எல்லாருடைய ரேடியோவும் ஒரே மாதிரி இருக்கிறதா?

"அஞ்சாவது சனலுக்கு வா" என்றால் எல்லாரும் ஒரே இடத்துக்கு வருவார்கள் என்று நினைக்காதீர்கள். சனல் எண் என்பது அந்த ரேடியோவுக்குள் எழுதி வைத்த ஒரு பெயர் மட்டுமே, உங்கள் ஐந்தில் ஒரு அலைவரிசை இருக்கலாம், பக்கத்து அணியின் ஐந்தில் வேறொன்று இருக்கலாம். எட்டு ரேடியோவையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே ஆள், ஒரே நாளில் புரோகிராம் செய்யட்டும். அலைவரிசை, அலை அகலம், அனுப்பும் டோன், வாங்கும் டோன் (டோன் என்னவென்று அடுத்துச் சொல்கிறேன்), வலு ஆகிய ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொரு ரேடியோவின் பையிலும் வையுங்கள். அலை அகலத்தை, அதாவது ஒரு பேச்சு அலைவரிசையில் எடுத்துக்கொள்ளும் இடத்தை, பலர் கவனிப்பதில்லை. ஒருவர் 12.5 கிலோஹெர்ட்ஸிலும் இன்னொருவர் 25லும் இருந்தால் ஒருவருடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும், மற்றவருடைய குரல் கரகரத்து உடையும். இதையும் இடையூறு என்று நினைத்து நாங்கள் இரண்டு நாள் வீணாக்கினோம்.

டோன் பற்றி

புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சிடிசிஎஸ்எஸ் என்பது உங்கள் குரலுக்கு அடியில் ஓடும் ஒரு தாழ்ந்த ஒலி, 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை பல அளவுகளில் இருக்கும். அதையே எண் குறியாக அனுப்பினால் டிசிஎஸ். நீங்கள் வைத்த டோன் வந்தால் மட்டுமே உங்கள் ஸ்பீக்கர் திறக்கும், வேறு டோனோடு யார் பேசினாலும் வாய் மூடி இருக்கும். சில பெட்டிகளில் இதைத் தனிமைக் குறி என்று போட்டு விற்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். டோன் உங்கள் காதைத்தான் மூடுகிறது. அலைவரிசை அப்போதும் பொதுவில்தான் கிடக்கிறது, நீங்கள் பேசுவதை டோன் போடாத எந்த ரேடியோவும் கேட்கும், அவர்கள் பேசும் நேரத்தில் நீங்களும் பட்டனை அழுத்தினால் இரண்டு பேருடைய பேச்சும் கெடும்.

இந்த ரேடியோக்கள் பேசும் எஃப்எம் முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால், வலு கூடிய சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வலுவில் இருந்தால் கீச்சென்ற ஊளைச் சத்தம்தான் கேட்கும். டோன் வைத்த குழுவுக்கு மறுபக்கம் பேசுவது கேட்காது, அதனால் சனல் சும்மா இருக்கிறது என்று நினைத்து அவர்கள் பேச்சின் மேல் ஏறி மிதித்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் லொறிக்காரர்களுக்குச் செய்தது இதுதான், தெரியாமல் செய்தது.

ஆகவே டோன் வையுங்கள், வேண்டாத பேச்சைக் கேட்டுக் களைக்காமல் இருக்க அது நல்லது, ஆனால் பேசும் முன்னால் மொனிட்டர் பட்டனை மூன்று நான்கு செக்கன் அழுத்திக் கேளுங்கள். அது டோன் பூட்டைத் திறந்து அலைவரிசையில் இருப்பதை எல்லாம் காட்டும். பெரும்பாலான ரேடியோக்களில் யாராவது அனுப்பிக்கொண்டிருந்தால் ஒரு பச்சை விளக்கு எரியும். பச்சை எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் வேறு டோனில் யாரோ பேசுகிறார்கள், பொறுங்கள்.

சனல் நிரம்பியிருந்தால் அனுப்ப விடாத பூட்டு ஒன்று மெனுவில் இருக்கும். பொதுச் சனலில் அதைப் போட்டு வைப்பது மரியாதை. குழுத் தலைவருடைய ரேடியோவில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள், உயிர் ஆபத்து என்றால் யாருடைய பேச்சையும் வெட்டிக்கொண்டு நுழைய ஒருவருக்காவது முடிய வேண்டும்.

அக்கம்பக்கத்தாரோடு பேசிக்கொள்வது

அலைவரிசைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், ஆகவே ஒன்றையே வெவ்வேறு இடங்களில் பலருக்குக் கொடுப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். சமதரையில் இது பெரும்பாலும் ஒத்துப்போகும், மலையில்தான் சிக்கல், ஏனென்றால் இங்கே உயரம் கணக்கையே மாற்றிவிடுகிறது. சமதரையோ கடலோ எதிரே விரிந்திருக்கும்போது உங்கள் ரேடியோ எட்டும் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிய, நிற்கும் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கிப் பாருங்கள். 100 மீட்டர் மேட்டில் நின்றால் 41 கிலோமீட்டர். அப்புத்தளை விளிம்பு மாதிரி ஓரிடத்தில், கீழே தென்சமவெளியைப் பார்த்து 1600 மீட்டரில் நின்றால் 164 கிலோமீட்டர். 5 வொட் ரேடியோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்று "தேத்தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டால், வெல்லவாயாவுக்கு அப்பால் எங்கேயோ வேலை செய்யும் ஒருவருடைய சனலை நீங்கள் அடைத்துக்கொண்டிருக்கலாம், அவர் யாரென்று உங்களுக்குத் தெரியவும் வராது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம். தோட்டத்துக்குள் பேச 1 வொட், எட்டவில்லை என்றால் மட்டும் கூட்டலாம், மேட்டில் நிற்பவர் எப்போதும் குறைந்த வலு. பெட்டரியும் அதனால் கூட நேரம் நிற்கிறது.

பக்கத்தில் யார் யார் ஒரே சனலில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கிழமை சும்மா கேட்டாலே போதும். கொழுந்து நிறுக்கும் நேரங்களில் லொறிப் பேச்சு, விடியற்காலையில் மலையேறக் கூட்டிப் போகும் வழிகாட்டிகள், திருவிழாக் காலத்தில் தேரோடு போகிறவர்கள் என்று ஒரு ஒழுங்கு பிடிபடும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம், மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கமெல்லாம் அப்போது ரேடியோப் பேச்சும் கூடும். பிறகு நேரில் போய்ப் பேசுங்கள். நாங்கள் லொறிக்காரர்களிடம் ஒரு பக்கெட் பிஸ்கட்டோடு போனோம், அரை மணி நேரத்தில் முடிந்தது. காலை, பகல், அந்தி என்று நிறுவை நடக்கும் நேரங்களில் நாங்கள் ஒத்திகை வைப்பதில்லை, மழை எச்சரிக்கை வந்த நாளில் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மொழியையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஒரே சனலில் தமிழும் சிங்களமும் ஓடும். இரண்டு பக்கமும் உடனே பிடித்துக்கொள்ளக் கூடிய சில சொற்கள் போதும். "அவசரம், ஹதிசி" என்று இரண்டையும் சேர்த்து மூன்று தடவை சொன்னால் மற்ற எல்லாரும் வாய் மூட வேண்டும். "பொட்டக் இன்ன" என்றால் கொஞ்சம் பொறுங்கள். இவற்றை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

பேசும் முறை சுருக்கம்தான். பட்டனை அழுத்தி ஒரு செக்கன் விட்டுப் பேசுங்கள், உடனே பேசினால் டோன் திறக்கும் முன் முதல் சொல் வெட்டுப்படும். முதலில் கூப்பிடப்படுபவர் பெயர், பிறகு உங்கள் பெயர்: "கோயில் மேடு, கோயில் மேடு, இது பாலம்." வாயிலிருந்து நாலு விரல் தூரம், காற்றுக்கு முதுகு. ஒரு செய்தியை ஒரு மூச்சில் முடித்துப் பட்டனை விட்டு இரண்டு செக்கன் இடைவெளி கொடுங்கள். அந்த இடைவெளியில்தான் வேறொருவர் "அவசரம்" என்று நுழைய முடியும்.

கேட்கவில்லையா? முதலில் மலையைச் சந்தேகியுங்கள்

வோக்கி டோக்கி பாவிக்கும் விஎச்எஃப் (150 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), யுஎச்எஃப் (450 பக்கம்) அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு முகடு இருந்தால் வலுவைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை, பத்து அடி நகர்வதால் பலன் உண்டு. எதிர் மலைச் சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடங்கள் இருக்கும். 150 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் இரண்டு மீட்டர், 450இல் 67 சென்டிமீட்டர், ஆகவே அரை எட்டு தள்ளி நின்றாலே செத்த இடத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். அன்டெனா நேராக நிற்கட்டும். இடுப்பில் மாட்டியபடி பேசினால் உடம்பே பெரும்பகுதியை விழுங்கிவிடும். இலையடர்ந்த யூகலிப்டஸ் தோப்பும் ஈரமான காடும் யுஎச்எஃப்பைக் கூடுதலாகத் தின்னும், மழைத்துளி மட்டும் இந்த அலைவரிசைகளில் ஒன்றும் செய்யாது. மழை நாளில் ரேடியோ மோசமானால் அன்டெனா திருகும் இடத்திலும் கேபிள் இணைப்பிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பள்ளத்தாக்குக்கு நடுவில் முகடு இருந்தால், ரிப்பீட்டர், அதாவது செய்தியை வாங்கித் தானாகத் திருப்பி அனுப்பும் கருவி, வைக்க வசதியில்லாத எங்களுக்கு உதவியது ஒரு ஆள்தான். இரண்டு பக்கமும் தெரியும் கணவாயில் ஒருவரை நிறுத்துங்கள். அவர் கேட்ட செய்தியைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. எங்களுக்கு அந்த வேலைக்கு அமைந்த அக்கா முன்பு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் இருந்தவர். எண்களை நிதானமாக இரண்டு தடவை சொல்வார், "மூன்று வீடு, மூன்று" என்று. அவர் சொன்னது ஒருநாளும் பிசகியதில்லை.

சத்தம் புகுந்தால் தேடும் ஒழுங்கு

நம்மிடமிருந்தே தொடங்குங்கள், வெளியாளைக் குற்றம் சொல்வது கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையின் நடுவில் சனல் செத்துவிட்டது. யார் கூப்பிட்டும் பதிலில்லை, எல்லா ரேடியோவிலும் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. காதோடு வைத்துக் கேட்டேன். துணி உரசும் மந்தமான சத்தம், தூரத்தில் கோழி கூவியது, கொஞ்ச நேரத்தில் குக்கர் விசில், ஒன்று, இரண்டு. குக்கர் என்றால் லயத்துக்குள். ஆட்களை எண்ணினோம், ஒரு தம்பி தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போயிருந்தான். அவன் வீட்டில் மழைக்கோட்டோடு சுருட்டிப் பைக்குள் வைத்த ரேடியோ, அதன் பட்டன் மேல் டோர்ச் லைட். அனுப்பிக்கொண்டிருக்கும் ரேடியோவுக்கு எதுவும் கேட்காது என்பதால் அவனை ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை, ஒருவர் ஓடிப் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் எட்டுப் பேரும் ஊமை. அன்றைக்கே எல்லா ரேடியோவிலும் நேர வரம்பை 60 செக்கனுக்கு வைத்தோம், அதற்கு மேல் பட்டன் அழுந்தியிருந்தால் ரேடியோ தானாக அனுப்புவதை நிறுத்திவிடும். குரலுக்குத் தானாகத் திறக்கும் வொக்ஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள், நம் மலைக் காற்றே அதற்குக் குரலாகிவிடும்.

நம் ரேடியோக்கள் சரி என்றால், அடுத்து நிற்கும் இடம். பேச்சில்லாமல் இரைச்சல் மட்டும் வருகிறது, ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை மூடி வைக்கும் பூட்டு) தானாகத் திறந்து மூடுகிறது என்றால் பெரும்பாலும் மின்சாதனம்தான். மலிவான எல்ஈடி விளக்கு, போன் சார்ஜர், சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி இவையெல்லாம் அலையைக் கக்கும். ரேடியோவைப் பெட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பிடியுங்கள். ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை "டிக், டிக்" என்று வந்தால் பக்கத்து மரக்கறித் தோட்டத்தின் காட்டுப்பன்றி மின்வேலியைப் பாருங்கள், நனைந்த புல் கம்பியில் பட்டுப் பொறி பறக்கும் இடத்திலிருந்து அது வரலாம். வேலிக்காரரிடம் சொல்லிப் புல்லை வெட்டினால் அவருக்கும் நல்லதுதான். ஸ்குவெல்ச்சைக் கூட்டி இரைச்சலை மறைக்கலாம், ஆனால் தூரத்திலிருந்து வரும் மெலிந்த குரலும் அதோடு போய்விடும், அனர்த்த வேலைக்கு அது வேண்டாம்.

மூன்றாவது, கோபுரங்கள். பெரிய ஒலிபரப்பி, போன் கோபுரம் நிற்கும் மேடுகளில் சிறிய ரேடியோவின் வாங்கும் பகுதி திணறிப்போகும், உங்கள் அலைவரிசையில் இல்லாத பேச்சும் பாட்டும் வந்து விழும். இரண்டு வலுவான அலைகள் கலந்து ரேடியோவுக்குள்ளேயே மூன்றாவது ஒன்றை உண்டாக்குவதுதான் இது. சோதிப்பது லேசு: அன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், கேட்க மட்டும், அந்த நிலையில் பட்டனைத் தொடாதீர்கள், அனுப்பும் பகுதி எரிந்துவிடும். அந்நியச் சத்தம் அடியோடு மறைந்து, பக்கத்தில் நிற்கும் நம் ஆளின் குரல் மட்டும் மெலிதாக நின்றால் திணறல்தான். இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளிப் போங்கள், அல்லது முகட்டின் மறுபக்கம் இறங்குங்கள்.

சில நாட்களில், காற்றில்லாத பனிமூட்டக் காலையில், எங்கேயோ தூரத்து ஆட்கள் பக்கத்தில் நிற்பதுபோலக் கேட்பார்கள். குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் படிந்தால் அலை அதற்குள் வளைந்து நெடுந்தூரம் போகும். வெயில் ஏறியதும் போய்விடும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மாற்றுச் சனல் ஒன்று அட்டையில் இருந்தால் சரி.

இத்தனையும் பார்த்த பிறகும் வலுவான அந்நியச் சிக்னல் தொடர்ந்தால், அது வரும் திசையைத் தேடலாம். ரேடியோவை நெஞ்சோடு ஒட்டி நேராகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சிக்னல் எந்தப் பக்கம் பார்க்கும்போது மிகக் குறைகிறதோ, அப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் அது இருக்கிறது, உடம்பு மறைக்கிறது. மிக வலுவாக இருந்து வித்தியாசம் தெரியாவிட்டால் அலைவரிசையை 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று இடத்திலிருந்து செய்து வரைபடத்தில் கோடு போடுங்கள். பள்ளத்துக்குள் நின்று செய்தால் எதிர் மலையைக் காட்டி ஏமாற்றும், முகட்டில் நின்று செய்யுங்கள்.

கண்டுபிடித்தாலும் அவர்களோடு ரேடியோவில் சண்டை பிடிக்காதீர்கள், பதிலுக்குப் பட்டனை அழுத்திப் பிடித்து அடைக்காதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். கேட்ட பேச்சை ஊரில் பரப்பவும் வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நின்ற இடம், என்ன மாதிரிச் சத்தம், எந்தெந்த ரேடியோவுக்குக் கேட்டது. இரண்டு கிழமைக் குறிப்பு இருந்தால் ஆணைக்குழுவுக்கு உங்கள் அனுமதிப்பத்திர இலக்கத்தோடு முறைப்பாடு எழுதலாம், வெறுமனே "தொந்தரவாக இருக்கிறது" என்று எழுதினால் அவர்கள் எங்கே வந்து எதைத் தேடுவது? இதற்கு நடுவில் உண்மையான அவசரம் வந்தால் சனலை மாற்றுங்கள், போன் எடுத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990.

எங்கள் கொப்பியில் ஒரு வரி: "செவ்வாய், அந்தி 6.10 – 6.25, கோயில் மேடு, ஆண் குரல், சிங்களம், மரக்கறி மூட்டைக் கணக்கு, 3க்கும் 5க்கும் மட்டும் கேட்டது." வெள்ளிக்கிழமையும் அதே நேரம், அதே குரல். முறைப்பாடு எழுதத் தேவை வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அந்தியில் மரக்கறி ஏற்றும் இடம் எது என்று சந்தையில் கேட்டோம், அடுத்த மலையில் இருந்தார்கள், அவர்களுடைய பத்திரத்திலும் அதே அலைவரிசைதான். இப்போது அந்த இரண்டு நாளும் எங்கள் வருகைச் சோதனை இரவு 7 மணிக்கு. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கூப்பிட அவர்களுடைய ஏற்றுமிடத்துக்கும் அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது: "சந்தை மேடு."